சகலைக்குச் செய்த பாஸ்தா

அந்த வியாழக்கிழமை மந்திரமூர்த்தி ஆறு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தது சமைப்பதற்காக. சமைப்பதற்காக என்றால், கெடுப்பதற்காக. இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் அடுப்பைப் பற்றவைக்காத மனுஷன், முதல் நாளே இப்படி ஒரு முடிவோடு அடுப்படிக்குள் நுழைகிறார் என்றால் சும்மா இல்லை.

விஷயம் இதுதான். அவர் மனைவி செண்பகவல்லி டீச்சருக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. வந்த இடம் மாவட்டத்தின் அடுத்த கோடியிலுள்ள திருவேங்கடம். தென்காசியை ஒட்டின குத்துக்கல்வலசையிலிருந்து தினமும் பஸ் மாறி மாறிப் போய்வந்தால் ஆள் மிஞ்ச மாட்டாள். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து, திங்கள் விடிகாலை கிளம்பிவிடுவாள். ஒரே மகளும் கல்யாணமாகிப் பெங்களூர் போயாச்சு. ஆக, வாரத்தில் நாலு ராத்திரி அந்த வீட்டில் மந்திரமூர்த்தியும் சுவர்க்கடிகாரமும் மட்டும்தான். உள்ளதைச் சொன்னால், அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. ஆனால் இந்த வயசில் அதைப் பொண்டாட்டியிடம் போய்ச் சொல்ல முடியுமா? அதனால் சோற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டா ராத்திரி எனக்கு யாருட்டி ஆக்கிப் போடுவா? டாக்டர் வேற பரோட்டாவத் தொடப்பிடாதுன்னுட்டாரு."

டீச்சர் பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டே பதில் சொன்னாள். "மீன் பாஸ்தா செய்ங்க. இருபது நிமிசம்தான். வயித்துக்கும் லேசா இருக்கும். எப்படிச் செய்யணும்னு எழுதித் தாரேன். ஒரே ஒரு நாள் செஞ்சு காட்டுங்க. வாயில வைக்க முடியலன்னா, பதவி உயர்வு வேண்டாம்னு மறுநாளே எழுதிக் குடுத்துருதேன்."

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். பிறகு எந்தப் புருஷன் ஒழுங்காகச் சமைப்பான்?

வெளியே சாரல். சாரல் என்று பேர்தான்; மூன்று நாளாக மலையே தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் வெள்ளம், குளிக்கத் தடை. சீசனுக்கு வந்தவர்கள் துண்டைக்கூட நனைக்காமல் ஊர் திரும்பினார்கள். இவர் வைத்திருப்பதோ பெயிண்ட் கடை. இந்த மழையில் எவன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பான்? காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஒன்று விடாமல் மனைவியிடம் புலம்பியிருந்தார்.

அடுப்புக்கு மேலே டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து ஒட்டியிருந்தது. தண்ணீர் கொதித்ததும் உப்பு ஒரு கரண்டி, பாஸ்தா. இன்னொரு சட்டியில் கொஞ்சம் எண்ணெய், பூண்டு, முள்ளெடுத்த சீலா மீன் துண்டுகள், மிளகு. கடைசியில் எலுமிச்சம்பழம். 'ஒரு கரண்டி'யை மந்திரமூர்த்தி மனசுக்குள் மூன்று என்று திருத்திக்கொண்டார். மூன்று கரண்டி உப்பை ஒரு கிண்ணத்தில் அள்ளி வைத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தார்.

டீச்சர் போனும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, தங்கச்சி மாப்பிள்ளை வாராராம். ஐந்தருவிக்குக் குளிக்க வந்தாராம். ராத்திரி நம்ம வீட்லதான் சாப்பாடுன்னு சொல்லுதாரு."

சீசன் வந்தால் சொந்தக்காரர்கள் ஈரத் துண்டோடு வந்து இறங்குவது தென்காசிக்காரர்களுக்குப் புதுசில்லை. ஆனால் வருவது சகலை குமரகுரு. மாமனார் குடும்பத்துக்கே மீன் பாஸ்தாவைப் பழக்கிவிட்ட புண்ணியவான். போன பொங்கல் லீவில் அவன் செய்து போட்டதைத் தட்டை வழித்துத் தின்ற மாமனார், மூத்த மாப்பிள்ளைக்கு வெந்நியாவது வைக்கத் தெரியுமா என்று அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டுவிட்டார். ஆறு மாசமாகியும் அந்தக் காந்தல் அடங்கவில்லை.

கிண்ணத்து உப்பில் இரண்டு கரண்டி ஜாடிக்குள் திரும்பிப் போனது. அப்புறம் மனுஷன் சமைத்தார் பாருங்கள். மிளகைக் கையாலேயே இடித்தார். மீன் உடையாமல் பிள்ளையைப் புரட்டுவதுபோல் புரட்டினார். பாஸ்தா வெந்ததா என்று நாலு தடவை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

எட்டு மணிக்கு மூன்று தட்டு வைத்தார். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஆறிப்போகும் என்று டீச்சர் சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். இவரும் ஒரு வாய் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. சனியன், ரொம்பவே நன்றாக இருந்தது.

"இன்னும் ஆளக் காணுமே" என்றார் வாசலைப் பார்த்து.

"எங்கயிருந்து வருவாரு? குற்றாலத்துல குளிக்கவே விடலன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?"

மந்திரமூர்த்தி வாயிலிருந்ததை மெல்ல மறந்துவிட்டார். வெளியூர்க்காரன் ஏமாந்தால் பரவாயில்லை. மலையில் மேகத்தைப் பார்த்தே அருவியில் எவ்வளவு தண்ணீர் விழும் என்று சொல்கிறவர் ஏமாந்திருக்கிறார்.

டீச்சர் கையைக் கழுவிவிட்டு வந்து, பையிலிருந்த சம்மதக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நீ இல்லாமல் என்னால் இங்கே இருக்க முடியாது, போகாதே என்று சொல்ல அவருக்குத் தொண்டை வரை வந்தது. வந்தது, பாஸ்தாவோடு உள்ளே போய்விட்டது.

"சாப்பாடு ஒண்ணுதான் கஷ்டம்னு சொன்னீங்க" என்றாள் அவள். அவள் குரலும் அப்படியொன்றும் சந்தோஷமாக இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. அருவிகளில் குளிக்க விட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் ஈரத் துண்டு. இவர் வீட்டுக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. சகலைகூட எட்டிப் பார்க்கவில்லை. பழக்கத்தில் இரண்டு தட்டை எடுத்தவர், ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். அடுப்பில் பாஸ்தா, கண் எங்கேயோ. உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து போட்டார். மறுபடியும் சந்தேகம் வந்தது, மறுபடியும் போட்டார். முதல் வாயிலேயே நாக்கு சுருண்டது. குறை சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்தார்.

"ஏட்டி, உப்பு கூடிப்போச்சு. சத்தியமா வாயில வைக்க முடியல. நீ வந்துரு."

அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் சொன்னாள்:

"அன்னைக்குக் கிண்ணத்துல அள்ளி வச்சிருந்த மூணு கரண்டியையும் இன்னைக்குப் போட்டுட்டீங்களாக்கும்."