றெக்கை சார் கண்டுபிடித்த இரண்டாவது ஈ

காஞ்சிபுரத்தில் அழுகிய கொய்யாப்பழத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் றெக்கை சார்தான். பழக்காரம்மா முதல் நாள் பதறிப்போனார்.

"நல்ல பழமே இருக்குதேப்பா?"

"அது வேணாம்க்கா. புழு வெச்சதா பாத்துக் குடுங்க."

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பூச்சி ஆராய்ச்சி செய்துகொண்டு, என் கடை மாடியில் குடியிருந்தார். நான் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். என் பெரிய திரைக்காகவே தினமும் சாயங்காலம் இறங்கி வருவார். பழத்துப் புழு வளர்ந்து ஈயானதும், அந்தப் பழ ஈயின் றெக்கையைப் படமெடுத்து, நரம்பும் நரம்பும் சேரும் இடத்திலெல்லாம் புள்ளி வைப்பார். அதை வைத்து றெக்கையின் வடிவத்தைக் கணக்குப் போட்டால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஈக்களில் எது எந்த இனம், எது எதிலிருந்து பிரிந்தது என்று தெரியுமாம். சாம்பாரில் ஈ விழுந்தால் நாம் ஈயை எறிவோம். அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு ஈயோடு மாடிக்கு ஓடுவார்.

ஒருநாள் குதித்துக்கொண்டே வந்தார். "மாம்பழ ஈ வேற, கொய்யா ஈ வேறப்பா! ரெண்டு இனம்! அஞ்சு வருஷ உழைப்பு. நாளைக்கு எங்க புரொபசர்கிட்ட காட்டப்போறேன்!" தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். புது ஈக்கு டீக்கடைக்காரர் பெயரை வைப்பதாக வாக்கும் கொடுத்தார்.

"நான் இன்னா சார் பாவம் பண்ணேன்?" டீக்கடைக்காரர் அழாத குறைதான்.

அன்று சாயங்காலம் என் திரையில் இரண்டு றெக்கைகளையும் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. புடவையின் ஒரு கரையை வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறு கரையாக்குவது என் பிழைப்பாயிற்றே.

"சார்... இது அதையே திருப்பிப் போட்ட மாதிரி இருக்குதே?"

நோட்டைப் புரட்டினார். மாம்பழ ஈக்களில் இடது றெக்கையையும், கொய்யா ஈக்களில் வலது றெக்கையையும் எடுத்திருக்கிறார், மகானுபாவர்! ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கணக்குப் போட்டதும் இரண்டு இனமும் ஒன்றாகிப்போயின. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் நினைத்தால் அப்படியே மூடி வைத்திருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

மனிதர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். உடனே புரொபசருக்குப் போன் போட்டார்.

"சார், தப்புப் பண்ணிட்டேன். ஈ ஒண்ணுதான். டிசைன் போடற தம்பிதான் கண்டுபிடிச்சாரு... ஆமா சார், மொதல்லருந்து பண்றேன்."

போனை வைத்துவிட்டு, "நல்லவேளை இன்னைக்கே சொன்னேப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது எங்கேயோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாராம். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.