மண் தொடாத மிளகாய்

முதல் செடியின் இலை மஞ்சளாகத் தொடங்கியபோதே மாப்பிள்ளை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

செடி அவனுடையதாக இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருப்பான். இது மாமனாருடையது. பின்னறையில் பிளாஸ்டிக் குழாய்களில் வரிசையாகத் துளை போட்டு, மோட்டார் வைத்து உரத்தண்ணீரை ஓடவிட்டு, ஊதா விளக்கின் கீழ் மிளகாய் வளர்த்துக்கொண்டிருந்தார் மனிதர். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன் அந்த அறைக்குத்தான் இழுத்துப் போவார்.

"கையில ஒரு பொட்டு மண்ணு பட்டதில்ல. காய்ப்பைப் பாத்தீங்களா!"

வெளியூர் கிளம்பும்போது மருமகனைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்: "நான் வர்றப்போ செடிங்க இப்படியே நின்னா, பெயின்ட் கடைச் சாவி உங்க கையில. ஒரு செடியக் காப்பாத்தத் தெரியாதவருக்குக் கடை எதுக்கு, சொல்லுங்க மாப்பிள்ளை?"

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அந்தச் சாவிக்காகத்தான் அவன் வாயைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளுகிறான்.

"பசிக்குது போல," என்று முடிவுகட்டி, உரத்தைக் கூடுதலாக இரண்டு மூடி ஊற்றினான். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"அப்பா ஒரு மூடின்னுதானே சொன்னாரு?" என்றாள் மனைவி.

"உங்கப்பா கஞ்சம். எனக்குக் குடுக்குற மரியாதையையே மூடியிலதான் அளக்குறாரு."

தண்ணீரை மாற்றினான். அவன் கை பட்ட நேரம், வேர் போய் அடைத்து மோட்டார் நின்றது. கத்தரிக்கோலை எடுத்து வேரை நறுக்கினான். மோட்டார் ஓடியது, செடிகள் சாய்ந்தன. வெளிச்சம் போதவில்லையாக்கும் என்று விளக்கைத் தாழ்த்திக் கட்டினான். மிச்சமிருந்த இலையும் சருகாகச் சுருண்டது.

நேரம் பார்த்துத்தான் மாமனாரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

"மாப்பிள்ளை, செடியக் காட்டுங்க!"

"மாமா... ஹலோ... நெட் சரியில்ல மாமா... ஒண்ணுமே தெரியல..."

"நீங்க பளிச்சுன்னு தெரியுறீங்களே! சரி விடுங்க, நாளைக்குக் காலையில நேர்லயே பாத்துக்கறேன்."

அவன் அவசரமாகச் சட்டையை மாட்டினான். சாவி போனால் போகட்டும், அப்புறம் ஆயுசு முழுக்க அந்த வீட்டில் தலைநிமிர்ந்து சாப்பிட முடியுமா?

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"போன மானத்தை விலை குடுத்து வாங்க!"

தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு நர்சரிக்குள் நுழைந்தான்.

"பெயின்ட் கடைக்காரர் மாப்பிள்ளைதானே நீங்க? வாங்க, வாங்க!" என்றார் நர்சரிக்காரம்மா.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டான். "மிளகாச் செடி வேணும்மா. ஆறு. காயோட." குரலைத் தாழ்த்தினான். "வேர்ல மண்ணு மட்டும்... துளிகூட இருக்கக் கூடாது. அது வந்து... என் வொய்ஃபுக்கு மண்ணு ஒத்துக்காது."

அந்தம்மா சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. செடிகளை எடுத்து வைத்து, ஒரு வாளித் தண்ணீரை இழுத்துப் போட்டுக்கொண்டு வேர்களை அலச உட்கார்ந்தார்.

"எல்லாம் தெரியும் தம்பி, உங்க மாமனாருக்கு மாசாமாசம் நான்தானே கழுவிக் குடுக்குறேன்... ஆனா அவரு இருட்டினப்புறம்தான் வருவாரு, நீங்க என்ன பட்டப்பகல்லயே வந்து நிக்கிறீங்க?"