மருந்துக்கடை நானாவின் ஒற்றைக் கை

மாத்தளையில் பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் எங்கள் மருந்துக்கடை நானாவுக்குத்தான் முதல் பரிசு. அதை மேடையேறி வாங்கவும் பயப்படுவார்.

மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்த பிறகும் மனிதருக்கு நிம்மதி வராது. ஒருமுறை இரத்தோட்டை பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி, "சாப்பிட்டதுக்குப் பொறகு! சாப்பிட்டதுக்குப் பொறகு!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மருந்து வாங்கிய பெரியவரோ கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மகளுக்குக் கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்தது. மரபணுச் சோதனை முடிவில் 'எஸ்.டி.எக்ஸ்.பி.பி.ஒன்' என்று ஒரு ஜீனின் பெயர் இருந்தது. டொக்டர் விளக்கியதில் எனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மனதில் நின்றது. மனைவி சோற்றைத் தொடவில்லை. ஐந்து மாதக் கர்ப்பத்தில், தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்த இடத்தில் நின்றதுதான் காரணம் என்று தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

அறிக்கையை நானாவிடம் கொடுத்தேன். வியர்த்துப்போய், தெரிந்த டொக்டர்மாருக்கெல்லாம் போன் போட்டார். மறுநாள் எங்கள் இருவரையும் கடைக்கு அழைத்தார்.

"தம்பி, நரம்பும் இந்தக் கடை மாதிரித்தான். உள்ளுக்கு உறை உறையா மருந்து இரிக்கி. உறையக் கவுண்டர் ஓரத்துல ஒட்டிப் புடிச்சாத்தான் வெளிய போகும், அடுத்த நரம்புக்குச் சேதி கெடைக்கும். புடிக்கிற கைதான் இந்த ஜீன் செய்ற புரதம். புள்ளைக்கு அது பாதிதான் இரிக்கி."

சொன்னதோடு விட்டாரா? இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களுக்கு ஒற்றைக் கையாலேயே மருந்து கொடுக்கத் தொடங்கினார். உறை விழுந்தது. மாத்திரை சிதறியது. "நானா, பஸ் போயிரும்!" என்று ஒருவர் கத்த, வரிசையே சேர்ந்து கத்தியது.

"பாத்தீங்களா? சேதி ஒழுங்காப் போகாட்டி இந்தக் கூச்சல்தான். அதுதான் வலிப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை.

"நானா, நான் மருந்தடிச்ச எடத்துல நின்னதாலயா?"

நானா கையை விடுவித்துக்கொண்டு அறிக்கையில் ஒரு வரியைத் தொட்டார்.

"இல்ல தங்கச்சி. ஒங்க ரெண்டு பேர்ட்டயும் இந்தப் பிழை இல்லண்டு எழுதி இரிக்கி. கரு உண்டாகுற நேரமே தானா வந்தது. நீங்க அங்க போய் நிக்கிறதுக்கு எவ்வளவோ முந்தி நடந்து முடிஞ்சது."

அவள் அழுதாள். நானா அவளைவிடச் சத்தமாக அழுதார். அன்று பகல் அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பயமும் அப்படியே. ஆனால் எங்களுக்கும் சேர்த்துப் பயப்பட நானா இருக்கிறார். அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் இப்போது எனக்குப் பயம்.