அருமைக்காரர் போன ரூட்

கல்யாண வீட்டில், பாதி படித்து முடித்த எஞ்சினியரிடம் எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளில் கோவையில் சிவில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவிநாசி ரோட்டில் இலகு ரயில் விட்டால், ஒரே தடத்தில் வந்து இரண்டு கிளையாகப் பிரியும் வண்டிகளை எவ்வளவு இடைவெளியில் ஓட்டுவது என்பதுதான் என் புராஜெக்ட். (ரயில் கிடையாது, தண்டவாளம் கிடையாது. கணக்கு மட்டும் இருந்தது.)

அப்போதுதான் அக்கா கல்யாணம். மண்டபம் சோமனூரில். உறவினர்கள் தங்கிக் குளிக்க, அன்னூர் ரோட்டில் சித்தப்பா வீடு. கோவை ஸ்டேஷனிலிருந்து கருமத்தம்பட்டி வரை ஒரே வழி. அங்கே இரண்டாகப் பிரியும். அப்படியே என் புராஜெக்ட்.

"வேனெல்லாம் நான் பாத்துக்கறனுங்கப்பா" என்றேன்.

"ரயிலே உடற புள்ள, நாலு வேன் உடாதா?" என்றார் அப்பா, பெருமையாக.

மண்டபம் போகும் வேனுக்குச் சிவப்புத் தாள், சித்தப்பா வீட்டு வேனுக்கு நீலத் தாள். மாறி மாறி ஓட வேண்டும். நீல வேன் ஆளை இறக்கிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும். யார் சொன்னாலும் ரூட் மாறக் கூடாது என்று டிரைவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

முகூர்த்தத்தன்று காலை, பட்டுப்புடவையோடு கருமத்தம்பட்டி பிரிவில் நின்றேன். இரண்டு சிவப்பு வேன்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. இடைவெளி கெட்டுவிட்டதே! பின்னால் வந்ததை நிறுத்தி, ஆட்களை முன் வேனில் திணித்து, நீலத் தாள் ஒட்டி அன்னூர் ரோட்டில் திருப்பிவிட்டேன். பின்சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் தூங்கியதைக் கவனிக்கவில்லை.

அவர் அருமைக்காரர். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீர்களை நடத்தி வைப்பவர். அவர் இல்லாமல் தாலி ஏறாது.

சற்று நேரத்தில் அதே வேன் திரும்பி வந்து, என்னைக் கடந்து கோவைப் பக்கம் போனது. ஜன்னலில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து (லாரிகள் ஹாரன் அடிக்க, நடுரோட்டில்) குனிந்து கும்பிட்டேன்.

மண்டபத்துக்குப் போனதும் அம்மா கேட்டாள்: "அருமைக்காரரு எந்த வேன்ல வாராரு கண்ணு?"

நடுரோட்டில் நான் கும்பிட்டது யாரை என்று அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கடிகாரத்தையே பார்த்திருக்கலாம்.

முகூர்த்தம் முடியப் போகிற நேரத்தில் அந்த வேன் வந்து நின்றது. அருமைக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு இறங்கினார். டிரைவர் சின்னச்சாமியிடம் பாய்ந்தேன்.

"அவர் சொல்லியுமா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"யாரு சொன்னாலும் மாறக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிப்போட்டீங்க. ஸ்டேசன்ல பெரியவரே நீலத்தாளக் கிழிச்சுப்போட்டாருங்க. அப்பறம் நீலம் இல்லீங்களே, அதான் வந்துட்டேன்."

தாலி ஏறியது. நான் சமையல்கட்டுக்குப் பின்னால் பந்தி முடியும்வரை வாழையிலை துடைத்தேன்.

சில வருடம் கழித்து என் கல்யாணம். முந்தின நாள் மத்தியானமே அருமைக்காரர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க, வண்டி அனுப்பிருப்பமே?" என்றார் அப்பா.

"அதுக்குப் பயந்துதானுங்க வந்தேன்."

பக்கத்திலிருந்த என் மாப்பிள்ளை விவரம் கேட்டார். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். இன்றுவரை காரில் எங்கே போனாலும் அவர் டீக்கடையில் நிறுத்தித்தான் வழி கேட்கிறார். போக்குவரத்துத் திட்டமிடலில் எம்.இ. முடித்த நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.