எந்த ஓட்டையில் கரண்ட் கொடுப்பது?

உள்ளங்கை அகலத்தில் இருந்த அந்தப் பச்சை போர்டுக்கு எந்த ஓட்டையில் கரண்ட் கொடுப்பது என்று மெர்வினுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. அவன் பழங்காநத்தத்துக்கு வந்திருந்தது பெண் பார்க்க.

"பையன் ஹார்டுவேர்ல இருக்கான். எது ரிப்பேர்னாலும் இவன் கை பட்டாப் போதும்" என்று அவன் அம்மா விக்டோரியா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். உண்மையில் மெர்வினுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காகப் போனில் பேசும் வேலை. 'ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்பதோடு அவனுடைய ஹார்டுவேர் முடிந்துவிடும்.

பெண்ணின் அப்பா இன்னாசிமுத்து, மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மகளைத் திரும்பிப் பார்த்தார். ஜெனி கேசரித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் போர்டோடு வந்தாள்.

"தண்ணித் தொட்டி நெறஞ்சா மோட்டாரைத் தானா நிறுத்துற போர்டுங்க. கரண்ட் குடுத்தா இதுல ஒரு லைட் எரியணும். எரிய மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. இதுவரை போன வீடுகளில் எல்லாம் அவர்கள் வேண்டாம் என்றபோது மெர்வினுக்குப் பெரிய வருத்தம் இல்லை. இந்த வீட்டில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று அவனுக்குப் பதறியது.

"பார்த்துட்டாப் போச்சு. இதோட மேனுவல் இருக்கா?" என்றான், டாக்டர் மாதிரி கை நீட்டி.

ஒரு மடித்த காகிதம் வந்தது. ஒரு பக்கம் சீன எழுத்து. மறுபக்கம் போர்டின் படம், அதை நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'பவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. எத்தனை வோல்ட், எந்த வழியாக என்று மூச்சே இல்லை. அம்புக்குறியோ எந்த ஓட்டையையும் தொடாமல் நடுவில் நின்றது. கீழே ஒரு பொம்மை முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

மெர்வின் முதலில் போன் சார்ஜரை மாட்டினான். லைட் எரியவில்லை.

"சார்ஜர் பத்தாது" என்றான்.

"பத்தாதுன்னா எம்புட்டு வேணும்?" என்றாள் ஜெனி.

"அது... நெறைய வேணும்."

அம்மாவின் பையிலிருந்து பவர் பேங்க்கை எடுத்து மாட்டினான். பவர் பேங்க்கில் லைட் எரிந்தது. விக்டோரியா பெருமையோடு சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் அணைந்தது.

"போர்டு ரொம்பக் கம்மியா இழுக்குது. யாருமே இல்லைன்னு நெனச்சு பவர் பேங்க் தூங்கிருது" என்றான் மெர்வின். எங்கோ யூடியூபில் பார்த்தது சமயத்தில் கைகொடுத்தது.

"இப்பத்தானே நெறைய வேணும்னீங்க?"

"அது வேற நெறைய."

பவர் பேங்க்கைத் தூங்கவிடாமல் வைக்க, கூடவே இன்னொன்றையும் மாட்ட வேண்டும் என்றான். ஜெனியின் அண்ணி ஐரின் தன் குட்டி ஃபேனைக் கொடுத்தாள். ஃபேன் ஜோராகச் சுற்றியது. மேனுவல் பறந்துபோய் இன்னாசிமுத்துவின் காபி டம்ளரில் இறங்கியது. எடுத்துப் பார்த்தால் பொம்மை முகம் மட்டும் மிச்சம்.

"அதுலதான் ஒண்ணும் எழுதலையே. விடுங்க தம்பி" என்றார் அவர் காபியை வெறித்தபடி.

இனி போர்டில் மிச்சமிருந்த உருண்டை ஓட்டைதான். மெர்வின் அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். வைஃபை பெட்டியின் அடாப்டர் முனை உருண்டையாக இருந்தது. பிடுங்கிச் செருகினான்.

"ஏய், நெட்டை எவன்டா பிடுங்குனது? மீட்டிங்ல இருக்கேன்!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணன்தான். நீங்க பாருங்க" என்றாள் ஜெனி.

அவசரத்தில் மெர்வின் அடாப்டரைத் திருகி ஆட்டினான். கருகிய வாடை வந்தது. திரும்ப வைஃபை பெட்டியில் மாட்டியபோது அந்தப் பெட்டியும் எரியவில்லை. மாடிக் குரல் இன்னும் உயர்ந்தது.

விட்டுவிடலாம் என்றுதான் அவனும் நினைத்தான். ஆனால் விக்டோரியா குறுக்கே புகுந்தார். "என் மகன் ஒண்ணைத் தொட்டா முடிக்காம விடமாட்டான். டேய் மெர்வினு, பெரிய கரண்டாக் குடுடா!"

மூலையில் இன்வெர்ட்டர் இருந்தது. மெர்வின் இரண்டு வயர்களை போர்டில் திருகி, மறுமுனையைப் பேட்டரியில் வைத்தான். பளீரென்று ஒரு பொறி. இன்வெர்ட்டர் நீளமாக அலறிவிட்டு அடங்கியது. அதோடு மெயின் ஃபியூஸும் போய், வீட்டின் ஃபேன்கள், பிரிட்ஜ் எல்லாம் நின்றன. மதுரை வெயில் ஒரே நிமிடத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"இப்ப மோட்டாரும் ஓடாது. தொட்டியில வேற தண்ணியில்லை" என்றார் இன்னாசிமுத்து.

"அடுத்து என்ன பண்ணலாம்?" என்றாள் ஜெனி, அதே நிதானத்தோடு.

மெர்வினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குத் தெரியலைங்க" என்று வெடித்தான். "மொதல்லயே தெரியலை. நான் போன்ல பேசுற வேலைதான் பார்க்குறேன். இந்தக் காகிதத்தை எழுதுனவன் எங்க குடுக்கணும், எம்புட்டு குடுக்கணும்னு ரெண்டு வரி எழுதியிருந்தா உங்க வீடு பொழச்சிருக்கும். அவன் எழுதலை, சரி. தெரியாத நான் எதுக்குத் தொட்டேன்? அங்கிள், வைஃபை அடாப்டரும் இன்வெர்ட்டரும் என் பொறுப்பு. மன்னிச்சிருங்க."

விக்டோரியா தலையில் அடித்துக்கொண்டார். ஜெனி எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னாசிமுத்துவும் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். உள்ளே ஏதோ குசுகுசுப்பு.

"வா, போவோம். இனி இங்க நமக்கு என்ன இருக்கு?" என்றார் விக்டோரியா.

மெர்வினுக்கு அழுகை முட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் திறந்தபோது ஐரின் ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்டீக? உள்ள தேதி பேசிக்கிட்டிருக்காக!"

"தேதியா? போர்டு எரியவே இல்லையே" என்றான் மெர்வின்.

"அது எப்புடி எரியும் தம்பி? போன வருசமே செத்துப்போன போர்டை, பொண்ணு பார்க்க வர்றவுக கையில குடுக்குறதுக்குன்னே ஜெனி பத்திரமா வச்சிருக்கா. தெரியலைன்னு வாயைத் தொறந்து சொன்ன மொத மாப்ள நீங்கதான்!"