பத்துச் சொல் விடுமுறை

"பெரட்டுக் களத்திலை ஒருத்தரையும் காணேல்லை ஐசே. துரையின்ரை நாய் மட்டும் வந்து நிக்குது."

தொலைபேசியில் இப்படிச் சொன்னவர் ஸ்டோன்ஹில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மயில்வாகனம். மறுமுனையில் நின்றவன் ஹட்டன் மலைமகள் தியேட்டரின் மானேஜர் வைரவன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் வரவில்லை என்றால், அதைச் சினிமாக் கொட்டகைக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை.

"அதுக்கு நான் என்னங்கய்யா பண்ணணும்? ஆள் புடிச்சு அனுப்பவா?"

"நீர்தானே லீவு குடுத்தது."

"நானா?"

"நேற்றுப் பின்னேரம் ரேடியோவிலை சொல்லுவிச்சது ஆர்? நாளை முதல் விடுமுறை, குடும்பத்தோடை கொண்டாடுங்கோ எண்டு. துரை இஞ்சை நிண்டு குதிக்கிறார். எத்தினை நாள் லீவு எண்டாவது சொல்லும், நான் எழுதி வைக்கோணும்."

வைரவன் அப்படியே போஸ்டர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

'விடுமுறை' என்பது படத்தின் பெயர். கொழும்பில் எடுத்த படம். எடுத்தவர் புறக்கோட்டையில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். நடித்தவர்கள் அத்தனை பேரும் கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். அவர்களுக்கு லீவு கிடைத்த நாட்களில் மட்டுமே படம் பிடித்ததால், வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே வைத்துவிட்டார்கள். கதாநாயகிக்குப் படம் முழுக்க ஒரே சேலை. கதாநாயகன் துரத்திப் பிடிக்கும் பஸ் நான்கு தடவை வருகிறது. நான்கு தடவையும் அதே கண்டக்டர் அதே கொட்டாவியை விடுகிறார்.

இந்தியப் படம் பார்த்துப் பழகிய ஹட்டனில் இது எப்படி ஓடும் என்று தியேட்டர் முதலாளி சிவசாமிக்குக் கவலை. கவலையை அவர் தன்னிடம் வைத்துக்கொள்கிற மனிதர் அல்ல.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு காட்சியாவது கொட்டகை நெறையணும், வைரவா. இல்லைன்னா திங்கக்கிழமை நீ ஒன் மச்சான் கடையில போய்த் துணி கிழி."

வைரவனுக்கு உலகத்தில் மூன்று விஷயங்கள் பிடிக்காது. மச்சான், மச்சான் கடை, துணி கிழிபடும் சத்தம். சினிமாக் கொட்டகையின் இருட்டும், படம் ஓடும் கரகரப்பும், "மானேஜர்" என்று நாலு பேர் கூப்பிடுவதும் இல்லாமல் தன்னால் வாழ முடியாது என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

பாத்திரக் கடைக்காரர் வானொலியில் மூன்று மாலைகளுக்கு விளம்பர நேரம் பிடித்திருந்தார். ஒரு மாலைக்குப் பத்துச் சொல். மலைநாட்டு ரசிகர்களைத் தெரிந்தவன் என்பதால் வாசகம் எழுதும் பொறுப்பு வைரவனிடம் வந்தது. படம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சுவாரசியம் இருக்கிறது? ஆவலைக் கிளப்ப வேண்டும். இரவு முழுக்க யோசித்து எழுதினான்.

"நாளை முதல் விடுமுறை. மலைநாட்டு மக்களே, குடும்பத்தோடு கொண்டாடுங்கள். விடுமுறை, விடுமுறை, விடுமுறை."

ஏழு சொல்லில் விஷயம் முடிந்துவிட்டது. மிச்சம் மூன்றை வீணாக்குவானேன் என்றுதான் கடைசியில் அந்த மூன்று. எந்த ஊர், எந்தக் கொட்டகை என்பதெல்லாம் போஸ்டரில் இருக்கிறதே. போஸ்டருக்கும் குறைவில்லை. போன வாரம் ஹட்டன் சந்தைக்கு வந்த பேச்சியம்மா என்ற ஸ்டோன்ஹில் தோட்டத்துப் பெண்பிள்ளை, "எங்க லயத்து வீட்டுச் சுவத்துல குளுரு ஏறுதுங்கய்யா, ஒட்டிக்கிறோம்" என்று கேட்டபோது கூட இருபது தாளைத் தூக்கிக் கொடுத்திருந்தான்.

கெட்ட நேரமோ என்னவோ, விளம்பரம் மாலைச் செய்தி முடிந்த கையோடு வந்தது. மந்திரி சொன்னது, மழை பெய்தது, நாளை முதல் விடுமுறை. கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே அரசாங்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

அதுவும் அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் கொழுந்து பொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் மலைக்கு ஆள் ஏற்றினார். ஒரு நாள் படுத்து எழும்ப முடியாமல் சனங்கள் நொந்துபோயிருந்தார்கள்.

முதல் காட்சிக்கு வைரவன் வாசலில் நின்று எண்ணினான். பதினொரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் போய்விட்டார்கள்.

சிவசாமி படியில் நின்று கேட்டார். "ஊரெல்லாம் லீவு குடுத்தியே, லீவு எடுத்தவன்ல ஒருத்தனாச்சும் வந்தானா?"

"நாளைக்கு வருவாங்க மொதலாளி. இன்னைக்குச் சாயந்தரம் வெளம்பரத்த மாத்திர்றேன்."

மாற்றினான். ஸ்டோன்ஹில் தோட்டம் மஸ்கெலியா ரோட்டில் இருக்கிறது. படமோ ஹட்டனில் மட்டும் ஓடுகிறது. ஆகவே உண்மையையே சொல்லிவிட்டால் துரையின் தொல்லையும் தீரும், படம் எந்த ஊரில் என்பதும் தெரிந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக் கொழும்புக்கு டெலிபோன் போட்டான். மாலைச் செய்தி முடிந்ததும் வானொலி கம்பீரமாகச் சொன்னது:

"மலைநாட்டு மக்களே, விடுமுறை ஹட்டனில் மட்டுமே. மற்ற ஊர்களில் விடுமுறை இல்லை. ஏமாறாதீர்கள்."

சனிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. வைரவனை ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரட்டுக் களத்தில் இறக்கியது.

இன்றைக்குக் களம் நிறைந்திருந்தது. ஆனால் ஒருவர் முதுகிலும் கூடை இல்லை. முன்னால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இராமையா வெள்ளை வேட்டி கட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரை காக்கிக் காற்சட்டையில் சிவந்துபோய் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மயில்வாகனம் குடையோடு.

"யாரு மேன் இந்த லீவு குடுக்கிறது?" என்றார் துரை. "நான் துரையா, நீ துரையா?"

"நீங்கதான் துரை, துரை."

இராமையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தொரைகளே, நாங்க சண்டைக்கு வரலைங்க. நியாயந்தான் கேக்குறோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல உள்ளவன் மட்டும் மனுசன், மஸ்கெலியா ரோட்டுல உள்ளவன் மாடா? அங்க லீவு உண்டாம், இங்க இல்லையாம். ஏமாறாதீங்கன்னு ரேடியோவே சொல்லுது. ஏமாறாம இருக்கிறதுக்குத்தான் வந்து நிக்கிறோம்."

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று குரல் எழும்பியது. பேச்சியம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அண்ணே, அது லீவு இல்லைங்க, அது..." என்று ஆரம்பித்தான் வைரவன்.

"லீவு இல்லைன்னு நீங்களே சொன்னா எப்படிங்க?" என்றார் இராமையா மிகவும் மரியாதையாக. "மூணு தடவை விடுமுறை விடுமுறை விடுமுறைன்னு சொன்னீங்களே. ஒரு தடவ சொல்லியிருந்தா தப்பாச் சொல்லிட்டாங்கன்னு விட்டிருப்போம்."

அந்த மிச்சம் மூன்று சொல்லையும் வைரவன் மனசுக்குள் திட்டித் தீர்த்தான். சனங்கள் கலைந்து லயத்துக்குப் போனார்கள். சிலர் ஆற்றில் குளிக்கப் போனார்கள். சிலர் வீட்டுக் கொல்லையில் அவரைக்குப் பந்தல் போட்டார்கள். பாதிப் பேர் சும்மா படுத்துத் தூங்கினார்கள். பார்க்கப் பார்க்க வைரவனுக்கே கொட்டாவி வந்தது.

மயில்வாகனம் அவனைக் கந்தோருக்குள் இழுத்துக்கொண்டு போனார். "இந்தா டெலிபோன். இண்டையான் விளம்பரத்தை இப்பவே மாத்தும். படம் எண்டு சொல்லும். ஒரு சொல்லு போதும். ப, ட, ம்."

"சரிங்கய்யா."

சரி என்றுதான் சொன்னான். டெலிபோனைக் கையில் எடுத்ததும் மனசு கேட்கவில்லை. வேலை போகப்போகிறது. இது தன் வாழ்க்கையின் கடைசி விளம்பரமாகவும் இருக்கலாம். அதில் போய் 'படம்' என்ற மொட்டைச் சொல்லா? காலண்டரில் முருகன் இருப்பதும் படந்தான், சாமியறையில் செத்தவர்கள் தொங்குவதும் படந்தான். சினிமாவுக்கென்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது.

சனிக்கிழமை மாலை வானொலி சொன்னது: "ஹட்டனில் விடுமுறை வெள்ளித்திரையில். வெள்ளித்திரையில் விடுமுறை. வாரீர், வாரீர், காண்பீர், களிப்பீர், மகிழ்வீர்."

அன்றிரவுக் காட்சிக்கு ஒன்பது பேர். ஞாயிறு காலை வைரவன் தன் டிரங்குப் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினான். மச்சான் கடைக்குக் கொண்டுபோக ஒரு வேட்டியும் ஒரு கத்தரிக்கோலும் போதும். அழுகை வரும்போல இருந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது.

"ஐசே, வெள்ளித்திரை எண்டால் என்ன?" என்றார் மயில்வாகனம் களைத்த குரலில்.

"சினிமாங்கய்யா."

"அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இஞ்சை தலைவர் வேறை விளக்கம் சொல்லுறார். பொறும், அவரிட்டையே குடுக்கிறன்."

இராமையாவின் குரல் பணிவாக வந்தது. "கும்பிடுறேனுங்க. வெள்ளித்தெரைன்னா வெள்ளிக்கெழமை தெரையப் போட்டு மூடிர்றதுங்க. கோயில்ல சாமிக்கு அலங்காரம் பண்ணயில தெரை போடுவாங்கள்ல, அது மாதிரி. ஆகக்கொண்டு வெள்ளிக்கு வெள்ளி லீவு. எங்களுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை மட்டும் எப்படின்னு சொன்னீங்கன்னா..."

அதற்குள் யாரோ டெலிபோனைப் பிடுங்கினார்கள்.

"மேன்," என்றார் துரை. "இந்த விடுமுறை எத்தனை மணிக்கு?"

"மாட்டினி ரெண்டரைக்குங்க, துரை."

"எத்தனை பேர் இருக்கலாம்?"

"நானூறு பேர்."

"எல்லா சீட்டும் எனக்கு. ரெண்டு லாரியில எல்லா ஆளையும் ஏத்தி அனுப்புறது. இது சினிமா, லீவு இல்லைன்னு கண்ணால பார்க்கட்டும். நாளைக்குக் காலையில எல்லா ஆளும் மலையில இருக்கணும்."

வைரவன் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். மறுமுனையில் இராமையா துரையிடம் இன்னும் ஏதோ கேட்பது கேட்டது. படம் பார்க்கிற நேரமும் துரை உத்தரவு போட்ட வேலைதானே, அதற்குப் பேர் உண்டா என்று கேட்டார். செக்ரோல் என்கிற வரவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் சம்பளம். துரை மேசையில் அடித்தார். மயில்வாகனம் சமாதானம் பேசினார். கடைசியில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று முடிவாயிற்று.

பன்னிரண்டு மணிக்கே லாரிகள் வந்தன. ஒரே தடவையில் முடியவில்லை, திரும்பத் திரும்பப் போய் வந்தன. பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, தீபாவளிச் சேலை கட்டி வந்திருந்தார்கள். குழந்தைகள், கிழவர்கள், கைக்கு ஒரு பொட்டலம் கடலை. மலைமகள் தியேட்டர் திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. மயில்வாகனம் வாசலில் நாற்காலி போட்டுச் செக்ரோலை மடியில் விரித்து, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் அரைப்பேர் போட்டார்.

அந்தப் பஸ் முதல் தடவை வந்தபோது கண்டக்டரின் கொட்டாவிக்குச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை கைதட்டினார்கள். மூன்றாம் தடவை கண்டக்டரோடு சேர்ந்து நானூறு பேரும் கொட்டாவி விட்டார்கள். இது இவ்வளவு நல்ல படமா என்று வைரவனுக்கே சந்தேகம் வந்தது.

இடைவேளையில் சிவசாமி வந்து அவன் தோளில் கை போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மச்சான் கடைப் பக்கம் தலை வெச்சும் படுக்காதே. நீ இங்கதான். கொழும்புக்காரரு இன்னொரு படம் எடுக்கப்போறாராம். அதுக்கும் நீதான் வெளம்பரம் எழுதணும்னு இப்பத்தான் டெலிபோன்ல சொன்னாரு."

வைரவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்துச் சொல்லில் நானூறு பேரைக் கூட்டிவிட்டான். பாவம், வெள்ளை மனசுக்காரச் சனங்கள், விளம்பரத்துக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் தெரியாமல் மூன்று நாள் குழம்பிவிட்டார்களே என்று அவர்கள் மேல் இரக்கமும் வந்தது. நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசலாம் என்று வெளியே வந்தான். படிக்கட்டில் பேச்சியம்மா கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"இப்பவாச்சும் புரிஞ்சுதா, அக்கா? விடுமுறைங்கிறது படத்தோட பேரு. நெசமான லீவு இல்லை."

பேச்சியம்மா கடலைத் தோலை ஊதிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் போன வாரத்துலேருந்து எங்க லயத்துச் சுவரு பூராவும் ஒட்டியிருக்கேங்கய்யா, தலைவரு வீட்டுல மட்டும் நாலு," என்றாள். "அடுத்த படத்துக்குச் 'சம்பள உயர்வு'ன்னு பேரு வைக்கச் சொல்லுங்க, அதையும் நாங்க நம்பிக்கிறோம்."