அழிந்துபோன பாலம் கட்டியவர்கள்

பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் அவசரத்தில் இருந்தால் போதும். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை அந்தத் துறைமுக நகரின் சுற்றுலா அலுவலகத்தையே சாரும்.

முதல் உல்லாசக் கப்பல் வருகிறது என்றதும் அதிகாரி மூன்று கூட்டம் போட்டார். காலை எட்டுக்கு இறங்கும் பயணிகளை மாலை நாலு வரை ‘மெய்மறக்கச் செய்வது’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்தப் பொறுப்பு, வழக்கம்போல, கூட்டத்துக்கே அழைக்கப்படாத வழிகாட்டியின் தலையில் விழுந்தது.

வழிகாட்டி கெட்டிக்காரர்தான். ஊர்தான் ஒத்துழைக்கவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தின் சாவி, காவலாளியோடு அவருடைய மாமியார் வீட்டுக்குப் போயிருந்தது. மணிக்கூண்டில் மணி பத்தே கால். போன வருஷமும் அதுதான். எட்டே முக்காலுக்கெல்லாம் ஊர் தீர்ந்துவிட்டது. நாற்பது பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“அடுத்து என்னங்க?” என்றார் பெரிய தொப்பி போட்ட ஓர் அம்மா.

அடுத்து இருந்தது ஆறு. அதில் நின்றது அரைப் பாலம். நாலு தூண், அந்தரத்தில் நின்றுபோன தளம், துருப்பிடித்த கம்பி, நடுவில் ஒரு மரம். பதினொரு வருஷமாக அப்படியேதான் நிற்கிறது. அக்கரையில் வழிகாட்டியின் வீடு. அவர் மனைவி இக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர்; தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டைப் படகில் வந்துபோகிறவர். மனு மேல் மனுவாக எழுதி, வருகிற திங்கட்கிழமை வேலையை மறுபடி தொடங்க உத்தரவும் வாங்கிவிட்டார். சிமெண்ட் மூட்டைகூடக் கரையில் வந்து இறங்கிவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் வழிகாட்டியின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“இது தொள்ளாயிரம் வருஷத்துச் சின்னங்க.”

கூட்டம் வாயைப் பிளந்தது.

“உள்ள இரும்புக் கம்பி தெரியுதே?” என்றார் ஒரு கண்ணாடிக்காரர்.

“அதாங்க அதிசயம். அந்தக் காலத்துலயே!”

“அப்புறம் ஏன் பாதியில விட்டுட்டாங்க?” என்றார் தொப்பி அம்மா.

“கட்டின இனமே அழிஞ்சுபோச்சும்மா.”

“ஐயோ பாவம்! எதனால?”

வழிகாட்டி கொஞ்சம் யோசித்தார். “பஞ்சம்மா. சோத்துக்கே வழியில்ல.”

பக்கத்தில் காரை நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்த பாலத்துக் காண்ட்ராக்டருக்குப் புரையேறியது. தொப்பி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது பேரும் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். காண்ட்ராக்டரும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

செய்தி பரவிவிட்டது. பத்து மணிக்கு ஒன்பது பஸ். பதினொன்றுக்குக் கப்பல் கேப்டனே வந்து தூணோடு படம் எடுத்துக்கொண்டார். புளகாங்கிதமடைந்த அதிகாரி ஆற்றங்கரையிலேயே நாலாவது கூட்டத்தைப் போட்டார். அரைப் பாலம் ‘பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம்’ ஆனது. இனி அதன்மேல் ஒரு கல்லைக்கூட எவரும் வைக்கக் கூடாது. பதினொரு வருடம் அதன் தொன்மைக்கு ஒரு கீறலும் விழாமல் காத்த காண்ட்ராக்டருக்குப் பாராட்டுப் பத்திரம். சிமெண்ட் மூட்டைகள் ‘பாதுகாப்பு கருதி’ அவருடைய லாரியிலேயே ஏறின.

வழிகாட்டி அதிகாரியிடம் ஓடினார். “சார், திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்கணுமே?”

“என்னய்யா பேசற? தொள்ளாயிரம் வருஷத்துச் சொத்து. நீதானே சொன்ன?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்…”

“அந்தம்மா அழுதாங்களே, அதுவும் பேச்சுக்கா?”

நாலு மணிக்குக் கப்பல் ஊதிவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் கரைக்கு வந்தார். பாலத்தருகே அதிகாரி நட்டுவிட்டுப் போன புதுப் பலகையை வழிகாட்டி முதுகால் மறைத்துப் பார்த்தார். பலகை பெரிது; முதுகு சிறிது. பெயிண்ட்தான் சட்டையில் ஒட்டியது.

“தள்ளுங்க” என்றார் டீச்சர். விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘இதைக் கட்டிய இனம் கொடும் பஞ்சத்தால் அடியோடு அழிந்தது.’

“தெரியாமச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காத” என்றார் வழிகாட்டி. நிஜமாகவே அழுகை வந்தது அவருக்கு.

“அழிஞ்சுபோச்சா? யாரு?” என்றார் டீச்சர். “இப்பத்தானே அவங்க வீட்டு வழியா வர்றேன். நம்ம சிமெண்ட்டப் போட்டு மூணாவது மாடி எழுப்பிக்கிட்டிருக்காங்க.”